இரண்டாவது குடுவை

நல்லவள் என்று பெயர் வாங்க இதை எழுதவில்லை. அந்தப் பெயர் எனக்கு அப்போதே வேண்டிய அளவு இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், திருத்தணியில் பிறந்து வேதியியல் படித்தவள் என்பதற்காக ஓர் ஆராய்ச்சி நிலையம் எனக்கு வேலை கொடுத்தது. வாரம் ஒருநாள், மதியம் இரண்டு மணிக்குக் கோயில் மலையின் பின்பக்கப் பாறையில் ஏறி, இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றைப் பிடித்து அனுப்ப வேண்டும். அதிலுள்ள கரியமில வாயுவை ஆய்வுக்கூடத்தில் அளப்பார்கள். கீழே நெல்லும் கரும்பும் எவ்வளவு இழுத்துக்கொள்கின்றன, ஆலையும் வண்டிகளும் எவ்வளவு கக்குகின்றன என்ற மதிப்பீடு அப்படித்தான் கொஞ்சமாவது துல்லியமாகும். குடுவையைத் திறக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். மனித மூச்சில் அந்த வாயு பல மடங்கு அதிகம். ஒரு மூச்சு பட்டால் குடுவை கெட்டது.

பெட்டி தூக்க எனக்கு ஓர் உதவியாளர் இருந்தார். நாற்பத்தைந்து வயது, தலைமுறை தலைமுறையாக மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைத்த குடும்பம். விறகுப் புகை அவர் நெஞ்சைத் தின்றிருந்தது. இனி அடுப்புப் பக்கம் போனால் தேறமாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு எங்களிடம் தற்காலிகமாகச் சேர்ந்தார். தீபாவளிக்குள் நிரந்தரமாக்குவதாக அதிகாரி சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் மலை ஏறினார்.

முதல் நாளே துண்டால் வாயை இறுகக் கட்டிக்கொண்டார். மடப்பள்ளிப் பழக்கம் அது. சாமிக்குப் படைக்கும் சோற்றில் மனித மூச்சு படக்கூடாது.

"துணி கட்டினா வாயு நிக்குமா அண்ணா?" என்றேன்.

"நிக்காதும்மா. வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஞாபகம் இருக்கும்ல."

இதை ஆய்வுக்கூடத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு வாரம் ஆடிக் கிருத்திகையன்றே காற்றுப் பிடிக்கும் நாளும் வந்தது. மலை முழுக்கக் காவடிகள்.

"இன்னிக்கு வேணாம்மா. ஊரே மேல ஏறிகினு இருக்குது. நாளைக்கு வச்சிக்கலாம்" என்றார்.

எனக்கு அளவுகளின் வரிசையில் ஒரு வாரம்கூட விடுபடக்கூடாது. அதைக் காட்டித்தான் மேல்படிப்புக்கு இடம் கேட்கப் போகிறேன். "உங்க வேலை பெட்டி தூக்கறது" என்றேன்.

முதல் குடுவை ஒழுங்காக முடிந்தது. இரண்டாவதைத் திறந்து குனிந்திருந்தபோது, படிக்கட்டில் இடமில்லாத காவடிக் கூட்டம் ஒன்று பாறை வழியாகவே வந்துவிட்டது. "கந்தனுக்கு!" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

திருத்தணியில் பிறந்தவளுக்கு இதற்கு யோசனை தேவையில்லை. மொட்டைத் தலையோடு அப்பாவின் தோளில் உட்கார்ந்து கற்ற பதில். "அரோகரா!" என்றேன், அடக்கி வைத்த மூச்சையெல்லாம் குடுவையின் வாயிலேயே கொட்டி.

உதவியாளரின் வாய் கட்டியபடியே இருந்தது. நான் குடுவையை மூடிய பிறகுதான் துண்டை இறக்கினார்.

"இன்னொரு தபா புடிச்சிக்கலாம்மா."

குடுவைக்குள் காற்றை இழுக்கும் பம்பின் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. மாற்றுவதென்றால் அந்த வெயிலில், அந்தக் கூட்டத்தில், இறங்கி ஏற வேண்டும். "ஒண்ணும் ஆகாது, பெட்டியில வைங்க" என்றேன். தாளில் 'குறை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து அதிகாரி வந்தார். இரண்டு குடுவைகளும் ஒத்துப்போகவில்லையாம். இரண்டாவதில் யாரோ மூச்சு விட்டிருக்கிறார்கள், யார் என்று கேட்டார்.

திட்டம் போட்டுப் பொய் சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அன்று அரோகரா சொன்ன அதே சுறுசுறுப்போடு நாக்கு சொல்லிவிட்டது. "இவர்தான் சார். கோயில் ஆளு. கந்தனுக்குன்னா அரோகரான்னுடுவார்."

அதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று இரண்டுக்கும் நடுவே மூன்றடிதான்.

உதவியாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானே மாற்றிச் சொல்வேன் என்று காத்திருந்தார். சொல்லவில்லை என்றதும் துண்டை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார்.

"நான் கட்டிகினுதான் சார் இருந்தேன்."

"துணி கட்டினா வாயு நிக்குமா?" என்றார் அதிகாரி. அது என் நகைச்சுவை.

அன்றோடு வேலை போயிற்று. அவர் அடுப்புக்கே திரும்பினார். அந்த வாரத்து அளவை ஆய்வுக்கூடம் நீக்கிவிட்டது. நான் பயந்த ஓட்டை வரிசையில் விழுந்தது. மேல்படிப்புக்கு இடம் கொடுத்தவர்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

ஏழெட்டு வருடம் கழித்து என் மகளுக்கு மொட்டை போட மலைக்கு வந்தேன். மடப்பள்ளிக்குப் பின்னால் அவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். இருமுகிறவர் நைவேத்தியம் சமைக்க முடியாது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் மகளைத் தூக்கிக்கொண்டு அருகே போனேன். இல்லை, அதுவும் பொய். அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

இருந்தது. என்னைக் கண்டதும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, தன் இருமல் எங்கள் மேல் வராதபடி நகர்ந்து நின்றார்.

"அந்தாண்ட நில்லும்மா. கொழந்த மேல மூச்சு படும்."

தள்ளி நின்றேன். அப்படியே திரும்பியும் விட்டேன்.