மீன்கள் என்னைச் சாப்பிட்ட நாள்

சபரிமலைக்கு மாலை போட்டவனுக்குக் கோபம் வரக்கூடாது. விரதத்திலேயே கஷ்டமான விதி அதுதான். மார்கழிக் குளிரில் விடியக் காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிடலாம். மீனையும் இறைச்சியையும் மறந்துவிடலாம். வத்தேகமையிலிருந்து கண்டி வரைக்கும் பஸ்ஸில் வந்து, காரியாலயத்துக்குச் செருப்பில்லாமல் நடந்தும் போய்விடலாம். ஆனால் பதின்வயதுப் பிள்ளைகள் இரண்டை வீட்டில் வைத்துக்கொண்டு கோபப்படாமல் இருப்பதென்றால், அதற்கு ஐயப்பனே இறங்கி வரவேண்டும். நானோ மிச்சக் காசு தரத் தாமதித்தாலே கண்டக்டரிடம் சண்டைக்கு நிற்கிற ஆள்.

மாலை போட்டுவிட்டால் வீட்டில் எல்லோரும் நம்மைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி அப்படிக் கூப்பிட்டாள். மகன் சிரித்துக்கொண்டே கூப்பிட்டான். மகள் மட்டும் ரொம்ப ஆசையாகக் கூப்பிட்டாள். அந்த ஆசைக்குக் காரணம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. கறுப்பு வேட்டி, தாடி, நெற்றி நிறையச் சந்தனம், வெறுங்கால். இப்படி ஓர் ஆள் பின்னால் வந்தால், ‘சாமி’ என்று கூப்பிடுகிற வரைக்கும் அவர் யாரோ கோயில்காரர்தானே? அப்பா என்று கூப்பிட்டால்தான் மாட்டிக்கொள்வாள். மாலை போட்ட நாளிலிருந்து ரோட்டில் அவள் என்னோடு சேர்ந்து நடக்கவில்லை. எனக்கு வலித்தது. ஆனால் யாரிடம் சொல்வது? என்னைச் சாமி என்று கூப்பிடாதே என்று எந்தச் சாமியாவது சொல்லுமா?

அந்த டிசம்பர் லீவில் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில் ‘கடல் உலகம்’ என்று பெரிய கூடாரம் போட்டிருந்தார்கள். கண்ணாடிச் சுரங்கம், அதற்கு மேலேயும் பக்கத்திலேயும் மீன்கள், தண்ணீருக்குள் வால் ஆட்டும் கடல்கன்னி. மலையில் இருக்கிற நாங்கள் கடலைப் பார்க்கக் கொழும்புக்குப் போகவேண்டும். கடலே லொறியில் ஏறி எங்களைப் பார்க்க வந்திருக்கும்போது போகாமல் இருக்கலாமா என்றான் மகன். மாலை போடுவதற்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். நாலு பேரும் போனோம்.

வாசலில் டிக்கட் கிழிக்கிறவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் மனைவியிடம் சிங்களத்தில் கேட்டார்: “பூசாரியும் உங்களோட வந்தவரா?”

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மகள் பக்கத்தில்தான் நின்றாள். இவர் எங்கள் அப்பா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவள் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். நான் மனதுக்குள் சரணம் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

சுரங்கத்துக்குள் எனக்கு வேறு சோதனை. மீன் தின்று எத்தனையோ நாளாகிவிட்டது. தலைக்கு மேலே கொழுத்த பாரை மீன் ஒன்று மெதுவாகத் திரும்பித் தன் விலாவைக் காட்டிப் போனது. நான் நின்றுவிட்டேன்.

“சாமி, அது கொழம்புக்கு இல்ல. நடங்க” என்றாள் மனைவி.

கடல்கன்னியைக் கடந்தோம். அவளுக்குத் தடிமன் போலிருக்கிறது, மேலே வந்து வந்து மூக்கைச் சிந்தினாள். வெளியே வரும் இடத்தில் ஒரு நீளத் தொட்டி. விளிம்பில் பலகை போட்டு, வரிசையாக ஆட்களை உட்கார வைத்து, காலைத் தண்ணீரில் விடச் சொன்னார்கள். குட்டிக்குட்டி மீன்கள் வந்து காலில் இருக்கிற காய்ந்த தோலைக் கடித்துத் தின்னுமாம். டிக்கட்டோடு சேர்ந்தது என்றதும் மகன் என்னை இழுத்தான்.

“விரதத்துல மீனத் தொடலாமா?” என்று மனைவி தடுத்தாள்.

“மீன்தானே சாமியச் சாப்பிடப் போகுது. சாமி மீனச் சாப்பிடலையே” என்றான் அவன். எங்கள் குடும்பத்தில் ஒரு வக்கீல் உருவாகிறான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மகள் தொட்டியின் மறுகோடிக்குப் போய்விட்டாள். அங்கே அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் காலை விட்டுக்கொண்டு கீச்சுக் கீச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அவர்களோடு உட்கார்ந்து, என் பக்கம் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

நான் காலை விட்டேன். வாரக்கணக்காகத் தார் ரோட்டிலும் சரளைக்கல்லிலும் வெறுங்காலோடு நடந்து, குதிகால் வறண்ட வயல்மாதிரி வெடித்துக் கிடந்தது. முதலில் ஒரு மீன் வந்து முகர்ந்தது. அது போய் மற்றவர்களுக்குச் சொன்னதோ என்னவோ, தொட்டியில் இருந்த மீனெல்லாம் அணிதிரண்டு வந்துவிட்டன. கல்யாண வீட்டில் முதல் பந்திக்குக்கூட இப்படி நெருக்கடி இருக்காது. என் கால் இருக்கிற இடமே தெரியவில்லை. மற்றவர்களின் கால்கள் வெறும் தண்ணீரில் தனியாகத் தொங்கின.

“எங்க மீனெல்லாம் எங்க போச்சு?” என்று மறுகோடியில் ஒரு பிள்ளை கேட்டது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா சட்டென்று காலை வெளியே எடுத்தார். அவரைப் பார்த்து அடுத்தவரும் எடுத்தார். தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் ஓடி வந்தார். குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, எனக்கு ஏதாவது தோல் வியாதி இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். இருந்தால் எழும்பிவிட வேண்டுமாம்.

வேறு நாளாக இருந்திருந்தால் அந்தக் கூடாரம் நின்றிருக்காது. கழுத்தில் மாலை கிடந்தது. வாயைத் திறந்தால் கோபம்தான் வரும் என்று தெரிந்ததால் திறக்கவில்லை. அவமானத்தில் காது சுட்டது. மனைவியும் மகனும் ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தார்கள். நான் எழும்பப் பார்த்தேன்.

அப்போது ஈரக்காலோடு ஓடி வருகிற சத்தம் கேட்டது. மகள் வந்து எனக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் நின்றாள்.

“இது எங்க அப்பா” என்றாள் முதலில் தமிழில். பிறகு சிங்களத்தில், இன்னும் சத்தமாக. நோயுமில்லை ஒன்றுமில்லை, சாமிக்கு நேர்ந்துகொண்டு செருப்பில்லாமல் நடக்கிற கால், நீங்கள் நடந்தால் உங்கள் காலும் இப்படித்தான் வெடிக்கும், டிக்கட் எடுத்து வந்தவரை எழும்பச் சொல்ல நீங்கள் யார் என்று பொரிந்து தள்ளினாள். கண்டக்டர்களிடம் நான் நீட்டுகிற அதே விரல். அதே தொண்டை. விரதம் எனக்குத்தான், அவளுக்கு இல்லையே.

அந்த ஆள் ஏதோ மன்னிப்பு மாதிரி முணுமுணுத்துவிட்டுப் போனார். வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உக்காருங்கப்பா” என்றாள். உட்கார்ந்தேன். மாலை போட்ட பிறகு அவ்வளவு சந்தோஷம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலோடு ஒட்டித் தன் காலைத் தண்ணீரில் விட்டாள். மீனெல்லாம் என் குதிகாலில்தான் மும்முரமாக இருந்தன. அவள் காலுக்கு ஒன்றுகூட வரவில்லை. ஆனாலும் அவள் எழும்பிப் போகவில்லை.