பெஞ்சு இல்லாத சனிக்கிழமைகள்

எங்கள் மாதா கோயிலுக்குள் முதன்முதலாக ரத்தம் சிந்தியது ஒரு சர்வசமய வழிபாட்டில்தான். அன்புக்காகக் கூடிய கூட்டமாம் அது. இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆரணியில் எங்கள் பங்குக்குப் புதிதாக வந்த சாமியார் ஏதோ ஆசிரமத்தில் இருந்துவிட்டு வந்தவர். தங்கமான மனுஷர், கோபமே வராது. சனிக்கிழமை சாயங்காலம் எல்லா மதத்தாரும் ஒன்றாகக் கூடி ஜெபிக்கலாம் என்றார். குத்துவிளக்கு வந்தது, ஆர்மோனியம் வந்தது. பட்டு நெய்கிற தெருவிலிருந்து பஜனை கோஷ்டி வந்தது. பள்ளிவாசலிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மூன்று மத வேதங்களிலிருந்தும் வாசிப்பார்கள். பிறகு கொஞ்ச நேரம் மௌனம். கடைசியில் நாங்கள் பெண்கள் பாடுவோம். எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

ஒன்றுதான் இடித்தது. நம் நாட்டு முறைப்படி தரையில் உட்கார வேண்டும் என்று சாமியார் பெஞ்சுகளை எல்லாம் தாழ்வாரத்தில் அடுக்க வைத்துவிட்டார். தரையில் உட்காருவது அவருக்குப் புதுசு. எங்களுக்கு அது பரம்பரைத் தண்டனை. ஊருக்குள் யார் வீட்டுக்குப் போனாலும் எங்கள் ஜனங்கள் வாசல் மண்ணில்தான் உட்கார வேண்டும். வாலிபத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டதற்காக என் அப்பாவைக் கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள். முதுகில் தழும்பு இருந்தது. அடி விழாமல் அவர் உட்கார்ந்த முதல் பெஞ்சு கோயில் பெஞ்சுதான். அதனால் சனிக்கிழமைகளில் அவர் வரமாட்டார். ஆனால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாமியார் சொல்லைத் தட்டுவது அவருக்குப் பாவம்.

ஒரு சனிக்கிழமை நான் மட்டும் தனியாகப் பாடுவதாக ஏற்பாடு. மகள் பாடுகிறாள் என்று அப்பா வந்தார். அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் சேவூர்ப் பக்கத்து ரைஸ்மில் முதலாளி. அப்பா மூட்டை தூக்குகிற மில். முழங்கால் வலி என்று முதலாளிக்கு மட்டும் பீடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் அவர் காலடியில்.

அப்பா வாசலில் நின்று பார்த்தார். பிறகு தாழ்வாரத்துக்குப் போய் ஒரு பெஞ்சை இழுத்துக்கொண்டு வந்தார். மௌன நேரம் அது. சிமென்டுத் தரையில் பெஞ்சு கிறீச்சிட்டதில் எல்லாரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். முதலாளிக்குப் பக்கத்தில் அதைப் போட்டு உட்கார்ந்தார்.

முதலாளியோடு வந்திருந்த மில் மேஸ்திரி எழுந்தான்.

“ஏய், எழுந்துருடா. மொதலாளி பக்கத்துல சரிசமமா உக்காந்துகினு கீற?”

“இது மில்லு இல்லீங்க, கோயிலு,” என்றார் அப்பா.

மேஸ்திரி அவர் நெஞ்சில் உதைத்தான். அப்பா பெஞ்சோடு மல்லாந்து விழுந்தார். அவ்வளவுதான், எங்கள் தெரு ஆம்பளைகள் பாய்ந்துவிட்டார்கள். மேஸ்திரி குத்துவிளக்கைத் தூக்கிச் சுழற்றினான். விலக்கப் போன சாமியாரின் நெற்றி பிளந்தது. நாற்காலியை உடைத்து அதன் காலாலேயே மேஸ்திரியை அடித்தார்கள். முதலாளியின் சட்டை கிழிந்து தொங்கியது. பஜனைக்காரர்களும் பள்ளிவாசல் பெரியவரும் சுவரோடு ஒண்டி நின்றார்கள். தரையெல்லாம் விளக்கின் எண்ணெயும் ரத்தமும். அப்பாவை மிதிக்க வந்த மில் ஆள் ஒருவனின் கையை நான் கடித்தேன். அதற்கு இன்றுவரை வருத்தமில்லை.

போலீஸ் வந்து அப்பாவை மட்டும் பிடித்துக்கொண்டு போனது. நானும் அம்மாவும் பின்னாலேயே ஓடினோம். ஸ்டேஷனில் முதலாளிக்கு நாற்காலி கொடுத்தார்கள். அப்பாவை விடச் சொல்லிக் கேட்பதற்காகத் தலையில் கட்டோடு வந்த சாமியாருக்கும் நாற்காலி கொடுத்தார்கள்.

“கீழ உக்கார்றா,” என்றார் ஏட்டு.

“நிக்கிறேங்க,” என்றார் அப்பா.

லத்தி முழங்காலுக்குப் பின்னால் விழுந்தது. அப்பா குப்புற விழுந்தார், எழுந்து நின்றார். மறுபடி அடி. மறுபடி நின்றார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அம்மா அழுகை வெளியே வராமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

“நின்னா உங்களுக்கு இன்னாங்க?” என்று கேட்டார் அப்பா. அதற்கும் அடிதான். அதற்கும் எழுந்து நின்றார்.

சாமியாரால் பார்க்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. நாற்காலியில் இருந்தபடியே அப்பா பக்கம் சாய்ந்தார்.

“உக்காந்துடுங்கப்பா. எதுக்கு அடி வாங்குறீங்க? தரையில உக்கார்றதுல என்ன இருக்கு?”

அந்த நிமிஷம் ஏட்டைவிட அவர் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து நின்றிருந்தாலே போதும். அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய காலை மெதுவாக மடக்கி, அந்தச் சிமென்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“சரிங்க சாமி,” என்றார்.