சாரலில் நின்ற ஒட்டகம்

குற்றாலத்தில் எங்களுக்கு ஒரு ஒட்டகம் இருந்தது என்றால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். "அம்மா, ஏதாவது காலண்டர்ல பாத்திருப்ப" என்கிறார்கள். போகட்டும். எனக்கே சில சமயம் சந்தேகம் வரும். மேகம் தோப்புக்குள் இறங்கி நிற்கிற காலை நேரங்களில், மதில் சுவருக்கு மேலே ஒரு நீண்ட கழுத்தும் அரைக்கண் மூடிய முகமும் மட்டும் தெரியும். கீழே உடம்பு இருக்கிறதா என்று கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டும். கனவு என்று சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் அந்தக் கழுத்தை இந்தக் கையால் தடவியிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். என் வீட்டுக்காரரின் குடும்பத்துக்குத் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டின் மேல் ஒரு தென்னந்தோப்பு. அவருக்குத் தேங்காயில் மனசில்லை. சீசனுக்கு வருகிற கூட்டம் அருவியில் குளித்துவிட்டு, மங்குஸ்தான் வாங்கித் தின்றுவிட்டு, மத்தியானம் என்ன செய்வதென்று தெரியாமல் ரோட்டில் நடப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. தோப்பில் ஊஞ்சல் போட்டார், சறுக்குமரம் வைத்தார், தண்ணீர் பீய்ச்சுகிற தொட்டி ஒன்று கட்டினார். வாசலில் 'பார்க்' என்று போர்டும் மாட்டியாயிற்று. ஆனால் பஸ்ஸில் போகிறவனுக்கு அது இன்னொரு தென்னந்தோப்பு, அவ்வளவுதான்.

"அடையாளம் வேணும்ட்டி" என்பார் சாப்பிடும்போதெல்லாம். "பஸ்ல வாரவன் ஜன்னல் வழியா பாத்ததும் இங்கனதான் எறங்கணும்னு அவனுக்கே தோணணும்."

"சிமெண்ட்ல ஒரு யானை கட்டி வைங்க."

"சிமெண்ட்ல எவன் வேணும்னாலும் கட்டுவான். உசுரோட ஒண்ணு நிக்கணும். மூச்சு விடணும்."

உயிரோடு எது நிற்பது என்பதிலேயே ஒரு மாதம் ஓடியது. குரங்கு வேண்டாம், குற்றாலத்தில் அது ஓசியிலேயே வந்து கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகும். யானையைக் கோயிலிலேயே பார்த்துக்கொள்ளலாம். மானுக்கு சர்க்கார் சம்மதிக்காது. மயில் மதிலுக்கு மேலே தெரியாது. கடைசியில் செங்கோட்டையில் கூடாரம் போட்டிருந்த சின்ன சர்க்கஸ் ஒன்று கலைந்துபோக, அவர் ஒரு பங்குனி மாதத்து வெயிலில் ஒட்டகத்தோடு வந்து நின்றார். தென்காசிக் கோபுரம் அப்போது மொட்டையாக நின்ற காலம். "தென்காசிக்கே கோபுரம் இல்ல, நம்ம தோப்புக்கு இருக்கு பாத்தியா" என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் கண்டதே இல்லை, கல்யாணத்தன்றுகூட.

"கோபுரத்துக்குச் சளி பிடிக்காதுங்க" என்றேன். என் வாய் அப்படி.

சித்திரை, வைகாசி முழுக்க அது ராஜா மாதிரி இருந்தது. சர்க்கஸ்காரன் நாலு நாள் தங்கி, என்ன தின்னும், எப்படி உட்கார வைப்பது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். வேலிக்கருவையை முள்ளோடு மென்று தின்றது. வாசலுக்கு உள்பக்கம், மதிலை ஒட்டி அதற்கு இடம். ஆனி பிறந்து கூட்டம் வரத் தொடங்கியதும் அவர் கணக்கு பலித்துவிட்டது. பஸ் கண்டக்டர்களே "ஒட்டகமெல்லாம் எறங்கு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். அடுத்த தோப்பில் இருந்த லாட்ஜ்காரர் கடிதாசியில் 'ஒட்டகத்துக்குத் தெற்கே' என்று விலாசம் எழுதினார். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் அதற்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனால் கூட்டம் வருவது சாரலுக்குத்தான். அந்தச் சாரல் ஒட்டகத்துக்கு ஆகாது. இதை ஏன் எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. சாரலால் ஒருவருக்குக் கெடுதல் வரும் என்று குற்றாலத்துக்காரர்களுக்குக் கற்பனையே வராது.

எனக்காவது வந்திருக்க வேண்டும். நான் திருவேங்கடத்துப் பக்கம், கரிசல்காட்டில் பிறந்தவள். எங்கள் ஊரில் வானம் இருட்டினால் வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்து அண்ணாந்து நிற்போம். கல்யாணமாகி வந்த முதல் சீசனில் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. சேலை நாலு நாளானாலும் காயாது. தீக்குச்சி பற்றாது. இருமலும் தலைபாரமுமாகச் சுருண்டு கிடந்தேன். மாமியார்தான் தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்து, அருவியில் பொம்பளைகள் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். தண்ணீர் உச்சியில் விழுந்த அடியில் எனக்கு ஊர், பேர் எல்லாம் மறந்துபோனது. வெளியே வந்தபோது தலைபாரமும் இல்லை, இருமலும் இல்லை. அன்றிலிருந்து நானும் குற்றாலத்துக்காரிதான். எண்ணெயும் அருவித் தண்ணீரும் தீர்க்காத சீக்கு உலகத்தில் இல்லை என்று நானும் நம்பினேன்.

ஆனி கடைசியில் ஒட்டகத்துக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அடியில் தோல் சொறிபிடித்து வெடித்திருந்தது. காலடி ஊறி வெளுத்து, ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரர் அதன் தலைக்கு மேலே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார். சாரல் மேலேயிருந்தா வருகிறது? நாலு பக்கமும் மிதக்கிறது.

அவர் ஊஞ்சல் சங்கிலி வாங்கக் கொல்லத்துக்குப் போயிருந்த இரண்டு நாளில் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் ஒருவரைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தவர் ஒட்டகத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"அம்மா, நான் ஜட்ஜுக்குத் தேச்சிருக்கேன், சினிமாக்காரங்களுக்குத் தேச்சிருக்கேன். இதுக்கு எங்கன ஆரம்பிக்கன்னு மட்டும் சொல்லுங்க."

"கழுத்துல ஆரம்பிங்க அண்ணாச்சி."

"முதுகு மேடா இருக்கே, அத அமுக்கி விடணுமா?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதை உட்கார வைத்து அவர் முதுகைப் பார்த்துக்கொள்ள, கழுத்துக்கு நானே தேய்த்தேன். சூடு பண்ணிய நல்லெண்ணெய். அது கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் தாடையை வைத்தது. எனக்கு அதன் மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது. அருவித் தண்ணீர்தான் எங்கள் தோப்புக்குப் பின்னால் வாய்க்காலாக ஓடுகிறது. அங்கே கொண்டுபோனோம். முதலில் கால் வைக்க மாட்டேன் என்றது. இரண்டு பேருமாக இழுத்து இறக்கினோம். இறங்கிய பிறகு அசையாமல் நின்றது. மழைமேகம் தண்ணீர் மேல் படுத்திருந்தது, எண்ணெய் ஏழு நிறமாகப் பரவிப் போயிற்று, குடம் குடமாக நான் ஊற்றினேன். அவ்வளவு அழகான ஒரு காலையை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை. அது நடுங்கியதை நான் சுகம் என்று நினைத்தேன்.

"அவருட்ட சொல்லிராதீங்க அண்ணாச்சி. தோல் பளபளன்னு ஆனதுக்கப்புறம் நானே சொல்லுதேன்" என்றேன். என் வீட்டுக்காரர் திகைத்துப்போய் நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசை.

மூன்றாம் நாள் ஒட்டகம் இருமியது. மூக்கில் சளி கட்டி ஒழுகியது. தீவனத்தைத் தொடவில்லை. ஊர் திரும்பியிருந்த அவர் தென்காசிக்கு ஓடிப்போய் மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் நேர்மையான மனுஷர். "ஒட்டகத்தப் பத்தி நான் ஒரு பக்கம்தான் படிச்சிருக்கேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"நெஞ்சுல சளி கட்டியிருக்கு. குளிப்பாட்டுனீங்களா?"

"ஏன் சார், அத யாரு குளிப்பாட்டுவா?" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லியிருக்கலாம். முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்துவிட்டேன்.

டாக்டர் ஊசி போட்டார். மருந்து எழுதினார். "ஆனா மருந்துல இல்ல விஷயம். வெயில் அடிக்கிற ஊருக்குக் கொண்டு போங்க. உடனே போகணும். இங்க நின்னா பொழைக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"எங்க ஊருக்கு அனுப்புவோம்" என்றேன். "அப்பா பாத்துக்கிடுவாங்க. அங்க இப்ப வெயில் மண்டையப் பொளக்கும்."

"ஆடி அமாவாசை கழியட்டும். இன்னும் ஆறு நாள்தானட்டி. அன்னைக்கு வார கூட்டத்துக்குத்தான இம்புட்டும்."

"ஆறு நாள் தாங்காது."

"ஊசி போட்டிருக்குல்லா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அப்ப என்னையும் கொண்டுபோய் மதில் பக்கத்துல நிறுத்துங்க. நானும் அந்தக் காட்டுக்காரிதான்" என்று கத்திவிட்டு உள்ளே போனேன். அவரோடு பேச்சை நிறுத்தினேன். அவர் மேல் எவ்வளவு கோபம் வந்ததோ அவ்வளவுக்கு எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அதை அப்போது நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

அமாவாசைக்கு முந்தின நாளே கூட்டம் வந்துவிட்டது. அமாவாசையன்று காலையில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனவள் அப்படியே நின்றேன். ஒட்டகம் நிமிர்ந்து நின்றது. முந்தின சாயங்காலம் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தது எப்படி நிற்கிறது? கிட்டப் போனேன். வயிற்றுக்கு அடியில் கோணிப்பையைக் கொடுத்து, வடக்கயிறு போட்டு, இரண்டு தென்னைக்கு நடுவில் தூக்கிக் கட்டியிருந்தார்கள். கழுத்துக்கு ஒரு கயிறு, தலை மதிலுக்கு மேலே தெரிவதற்காக. சாரல் அதன் இமையில் துளித்துளியாக உட்கார்ந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் அதைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

கஞ்சியைக் கீழே வைத்தேன். கயிற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். அது முன்காலை மடக்கி, பின்காலை மடக்கி, பெருமூச்சு விட்டுப் படுத்தது.

கொஞ்ச நேரத்தில் பஸ் வரும் சத்தம் கேட்டது. நிற்காமல் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போனது. டிரைவருக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை போல. வாசலிலிருந்து என் வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

"பஸ் நிக்காம போகுதே, ஏட்டி, தல எங்..."

என் கையில் கயிறு இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், அதைப் பார்த்தார். கயிறு அழுத்தி உராய்ந்த இடத்தில் அதன் வயிறு சிவந்து கிடந்தது. அமாவாசைக்கென்று கட்டியிருந்த வெள்ளை வேட்டியோடு சேற்றில் உட்கார்ந்தார். அதன் கழுத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய், சீசனிலேயே பெரிய கூட்டம் வாசலில் நிற்கும்போது கேட்டைச் சாத்தினார். மத்தியானத்துக்குள் லாரி வந்துவிட்டது.

வைக்கோல் பரப்பி அதைப் படுக்க வைத்து, இரண்டு பேரும் பின்னாலேயே உட்கார்ந்து போனோம். தென்காசி வரைக்கும் சாரல். கடையநல்லூர் தாண்டும்போது மேகம் பின்னாலேயே தங்கிவிட்டது. புளியங்குடிக்கு மேல் வெயில் வந்து எங்கள் மூன்று பேர் மேலும் விழுந்தது. ஒட்டகம் தலையைத் தூக்கி வாசம் பிடித்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் உடுப்பிலிருந்து ஆவி எழும்பியது. எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த லாரியில் நான் முழுசாக நம்பினேன்.

எங்கள் காட்டில் அது இரண்டு நாள் இருந்தது. முதல் நாள் நாலு வாய் வேலிக்கருவை தின்றது. தோல் காய்ந்தது, காலடி காய்ந்தது. மூன்றாம் நாள் காலை, வெயில் ஏறும் நேரத்தில், கழுத்தைக் கரிசல் மண்ணில் நீட்டி வைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவர் அழுதார். ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "நான்தாம்ட்டி கொன்னுட்டேன். அன்னைக்கே நீ சொன்ன. நான்தான் கேக்கல."

வாயைத் திறந்தேன். எண்ணெய், வாய்க்கால், குடம் எல்லாம் தொண்டை வரை வந்தது. "விடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வருஷத்தோடு பார்க்கை மூடினார். ஊஞ்சலைக் கழற்றினார், தொட்டியைத் தூர்த்தார். சில வருஷம் கழித்து, பிள்ளைகளுக்குப் பால் வேண்டுமே, ஒரு பசு வாங்கிக் கட்டலாமா என்று மாமியார் கேட்டார்.

"வேண்டாம்மா. உசுருள்ளது எதையும் என் கையில குடுக்காதீங்க" என்றார்.

மாமியார் என்னைப் பார்த்தார், நீயாவது சொல் என்பது போல. நான் குனிந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நிமிரவில்லை.