ஏழாம் தொட்டி

தாராவியில் மெஹராஜுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: செடி டாக்டர். தோல்பை தைக்கும் ரஹ்மத்துல்லாவின் மகள் எம்.எஸ்ஸி. வரை போய்விட்டாள் என்பதில் தெருவுக்குப் பெருமைதான். படிப்பது தாவரவியல் என்று தெரிந்ததும் அந்தப் பெருமையில் பாதி குறைந்துபோனது. "போயும் போயும் செடியவா படிக்க? தாராவில எங்க இருக்குளா செடி?" என்று கேட்காதவர்கள் இல்லை. வாடிய கறிவேப்பிலைக் கன்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பவர்களும் உண்டு. "காய்ச்சலான்னு தொட்டுப் பாரு டாக்டரு."

அவளும் சிரித்துவைப்பாள். ஆனால் அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். இந்தப் படிப்பு யாருக்கு ஆகும் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

1986 குளிர்காலத்தில், ஆய்வேட்டுக்கு விஷயம் தேடியபோது, அது தெரிந்துவிட்டதாக நினைத்தாள். காற்றிலும் மண்ணிலும் இருக்கும் காரீயம் இலையில் சேரும். இலையைப் பறித்து, உலர்த்தி, சாம்பலாக்கி இயந்திரத்தில் அளந்தால் அந்த இடத்தின் நச்சு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஒரே மண், ஒரே நாளில் விதைத்த கடுகு, எட்டுத் தொட்டிகள். மாட்டுங்காவில் இரண்டு, தாதரில் ஒன்று, செம்பூரில் மூன்று, மான்குர்தில் ஒன்று, தாராவியில் ஒன்று. எல்லாம் திறந்த வெளியில், பத்தடி உயரத்தில், ஆறு வாரம் இருக்க வேண்டும். தாராவித் தொட்டிக்கு ஏழாம் எண்.

அந்த ஏழு எங்கே போக வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாவது சந்தில் அப்துல் ரவூப் பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்கும் உலை வைத்திருந்தார்; தெருவில் அதற்குப் பட்டி என்று பெயர். பட்டிக்கு மேலேயே, இரும்பு ஏணியில் ஏறிப் போகும் ஒற்றை அறையில் அவர் மனைவி சபுராவும் ஐந்து வயது மகள் பேகமும் இருந்தார்கள். பேகத்துக்கு அடிக்கடி வயிற்றுவலி வரும். டாக்டர் பூச்சி மருந்து கொடுப்பார், வலி நிற்கும், திரும்ப வரும். மெஹராஜின் ஏழாம் தொட்டிக்குப் பின்னால் இருந்தது அந்த வயிறுதான்.

ஆனால் அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ரவூப் அவள் வாப்பாவின் சிநேகிதர். முனிசிபாலிட்டி என்ற சொல்லைக் கேட்டாலே, பட்டியை மூடிவிடுவார்களோ என்று அவருக்கு முகம் மாறும். ஆகவே அறைக்கு வெளியே இருந்த பலகையில் தொட்டியை வைத்துவிட்டு, "காலேஜ்ல குடுத்த செடி மாமி. தெனம் ஒரு டம்ளர் தண்ணி ஊத்துங்க. நல்லா பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

"இத நீ சொல்லணுமாக்கும்? எம்மொவளப் போல பாத்துக்கிடுதேன்," என்றாள் சபுரா.

ஞாயிறுதோறும் போய் இலைகளை எண்ணி நோட்டில் எழுதினாள். செடி நன்றாகவே இருந்தது. மூன்றாம் வாரம் பதினான்கு இலை, நான்காம் வாரம் பதினொன்று. உதிர்ந்த இலையும் கீழே கிடைக்கவில்லை. போன வாரம் தப்பாக எண்ணியிருக்கிறோம் என்று தன்னைத் திட்டிக்கொண்டு, பதினான்கை அடித்துப் பதினொன்று என்று எழுதினாள். மாட்டுங்கா மாணவிகள் யாருக்கும் இப்படித் தப்பு வராது, தனக்குத்தான் வரும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு எப்போதும் உண்டு.

செம்பூர் ஆய்வுக்கூடத்தில் மூன்று மாதம் காத்திருந்தால் ஒரு நாள் கிடைக்கும். அந்த ஒரு நாளில் எட்டு இலைச் சாம்பல்களும் அளக்கப்பட்டன. தாதர் பாலத்தடித் தொட்டியில் பத்து லட்சத்துக்கு நாற்பத்தொரு பங்கு காரீயம். ஏழாம் தொட்டியில் ஒன்பது. எட்டில் அதுதான் குறைவு.

பேராசிரியர் பிரம்மநாயகம் தாளை மேலும் கீழும் பார்த்தார். "தாராவிக் காத்து மாட்டுங்காவை விட சுத்தம்கறே. ஜாகை மாத்திடலாம் போலிருக்கே," என்று சிரித்தவர், பிறகு குரலைத் தணித்தார். "ஏழாவதை விட்டுடும்மா. செடி சேதம்னு ஒரு வரி போட்டுட்டு மிச்ச ஏழு தொட்டியை வச்சு எழுது. அடுத்த மாசம் கடைசி தேதி."

அவள் நேராகச் சபுராவிடம் போனாள். "மாமி, செடிய உள்ள கிள்ள எடுத்து வச்சீங்களா?"

"ச்சே. நீ வச்ச எடத்துலதான் இருந்துச்சு." சபுரா குப்பியில் இருந்த எண்ணெயைப் பேகத்தின் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தயங்கி, "உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். மொதச் செடி பத்து நாள்லயே கருகிப்போச்சுளா. நம்பிக் குடுத்த பொருளு, என்ன நெனப்பேன்னு எனக்கு ஒறக்கமே இல்ல. தாதர் மார்க்கெட்ல வேரோட கடுகுக்கீரை விப்பான்லா, அதுல ஒண்ண வாங்கியாந்து நட்டேன். அதுவும் போச்சு. மூணு தடவ மாத்தினேன். நீ பறிச்சுக்கிட்டுப் போனப்ப கடைசிச் செடிக்கு ஒரு வாரந்தான் ஆயிருந்துச்சு. எப்படி, நல்லா இருந்துச்சா?"

மெஹராஜுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "வாடினா வாடட்டும்னு விட வேண்டியதுதானே மாமி?"

"நல்லா பாத்துக்கன்னு சொன்னது நீதான. கண்ணு முன்னால ஒண்ணு வாடுறதப் பாத்துக்கிட்டு எப்படி சும்மா இருக்க?"

யாரைத் திட்டுவது? நோட்டில் பதினான்கை அடித்த கோடு அவள் கண்முன் வந்து நின்றது. செடி உண்மையைச் சொல்லியிருக்கிறது, மூன்று முறை. அதைக் கேட்க வேண்டியவளோ காரணத்தையும் மறைத்தாள், சரியாக எண்ணியதையும் தப்பென்று அடித்தாள். கருகிய செடிகள் சாக்கடையோடு போய்விட்டன. அவற்றை எழுத ஆய்வேட்டில் கட்டமும் இல்லை.

கடைசித் தேதி போனாலும் போகட்டும் என்று, கல்லூரியில் புதிதாக முளைத்திருந்த ஒரு கடுகுத் தொட்டிக்கு ஏழாம் எண் போட்டு, மறுநாள் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து அதே பலகையில் வைத்தாள். இம்முறை சபுராவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பட்டியின் அமிலப் புகை இலையைக் கருக்குவது, அதில் வரும் காரீயம் இலையில் சேர்வது, குழந்தைகளின் உடம்பிலும் சேர்வது. கீழே ரவூப் பேட்டரி உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சபுரா செடியின் இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்போ கருகும்னு தெரிஞ்சுதான் மொதல்லயும் கொண்டாந்து வச்சியா?" என்றாள்.

"ஆமா மாமி."

"எங்களுக்கும் கெடுதி ஆவும்னு தெரியும்."

"தெரியும்னு இல்ல. சந்தேகம். அளந்தாத்தான் தெரியும்."

"அளந்து காலேஜுக்குச் சொல்லுவ. எனக்கு எப்ப சொல்லுறதா இருந்த?"

இந்தப் படிப்பு யாருக்கு என்று இரண்டு வருஷமாகத் தனக்குத்தானே கேட்டுவந்த கேள்வி இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று மெஹராஜ் எதிர்பார்க்கவில்லை.

சபுரா பலகையில் இருந்த தொட்டியைத் தூக்கினாள். அறைக்குள் கொண்டுபோய், பேகத்தின் பாய் சுருட்டிவைத்திருந்த மூலையில், தரையில் இருந்து புகை ஏறிவரும் இடுக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். "வெளிய வச்சு என்னத்தக் கண்ட? புள்ள படுக்கற எடம் இது. இத அளந்து சொல்லு."

பத்தடி உயரம், திறந்த வெளி. அது மாறினால் மற்ற ஏழோடு ஒப்பிட முடியாது. ஏழாம் தொட்டி இனி எந்தக் கணக்கிலும் சேராது, இந்த வருஷமும் போயிற்று. என்றாலும் அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து, முன்பு அடித்த பதினான்கை மறுபடி எழுதினாள்.

"தண்ணி அதே ஒரு டம்ளர்தானா?" என்றாள் சபுரா.

"ஆமா."

"கருகிச்சுன்னா?"

"மாத்தாதீங்க மாமி. அன்னைக்கே எனக்குச் சொல்லி அனுப்புங்க."

"ஒனக்கு அப்புறம் சொல்லுதேன்," என்று சபுரா ஏணிப் பக்கம் திரும்பி, கீழே கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "என்னங்க, அந்தச் சுத்தியலக் கீழ வச்சுட்டு கொஞ்சம் மேல வாங்க. ஒரு செடியக் காட்டணும்."