நல்லா இருக்கு

கேண்டீன் அக்கா என்றால் அந்த அலுவலகத்தில் தெரியாதவர் இல்லை. பாத்திரம் தேய்க்க வந்தவர், தேய்த்துத் தேய்த்தே அடுப்படிக்கு முன்னேறி, கடைசியில் கரண்டியைக் கையில் பிடித்தவர். வாசலில் நின்றபடியே, உள்ளே எந்தப் பாத்திரம் அடிப்பிடிக்கப் போகிறது என்று மூக்காலேயே சொல்லிவிடுவார். அந்த மூக்குதான் காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் விட்டும் வாசனை திரும்பவில்லை. நாக்கும் சும்மா ஈரமாக இருந்ததே தவிர, உப்பா உறைப்பா என்று ஒன்றும் சொல்லவில்லை. தானாக வந்துவிடும் என்றார் டாக்டர். நாலு மாதமாகியும் வந்தபாடில்லை.

விஷயம் வெளியே தெரிந்தால் மறுபடி பாத்திரம் தேய்க்கத்தான் போக வேண்டும். அதனால் புருஷனிடம் மட்டும் சொல்லியிருந்தார். கைக்குப் பழகிய அளவில் கேண்டீன் எப்படியோ ஓடியது. வீட்டில் ருசி பார்ப்பது புருஷன் வேலை. பஸ் ஒர்க்‌ஷாப் மெக்கானிக். எஞ்சினில் சின்னச் சத்தம் வந்தாலும் முகம் சுளிக்கிற மனிதர், சாப்பாட்டில் மட்டும் கல்யாணமான நாளாக ஒரே வார்த்தைதான் சொல்வார்: "நல்லா இருக்கு." கருகினாலும் அதுதான், வேகாவிட்டாலும் அதுதான். கொடுத்து வைத்தவள் என்று அக்கம்பக்கத்தார் பொறாமைப்பட்டார்கள். அக்காவுக்கும் அதில் பெருமைதான். அந்த நாக்கை நம்பித்தான் இனி சமையல் என்று ஆன பிறகுதான், அந்த வார்த்தை நிஜம்தானா என்ற சந்தேகம் வந்தது.

இந்த நிலைமையில்தான் தம்பி வந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வருஷா வருஷம், அக்காவின் அலுவலக மேனேஜர் குடும்பம் உட்பட, தெரிந்த குடும்பங்களைத் திரட்டிக்கொண்டு ஒரு வாரம் மலையில் முகாம் போடுவான். மரங்களுக்கு நடுவே கூடாரம், தகரக்கூரை போட்ட சமையலறை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு நீள மேஜை. தண்ணீர் சுமப்பது முதல் கக்கூஸ் கழுவுவது வரை முறை வைத்து வேலை. சமையலுக்கு வர வேண்டியவர் காலை ஒடித்துக்கொண்டாராம்.

"அக்கா, நீதான் வரணும். உன்னை விட்டா ஆளில்ல."

முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். புருஷனையும் அழைத்துக்கொண்டு மலையேறினார்.

முகாமில் ஒரு சட்டம் இருந்தது. சாப்பாட்டில் குறை சொல்பவர் மறுநாள் முழுக்கச் சமைக்க வேண்டும். புலம்பல் தாங்காமல் தம்பி என்றோ விளையாட்டாகப் போட்டது. இப்போது அதை மீற ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. முதல் மூன்று நாளும் தட்டுகள் காலியாகத் திரும்பின. அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது.

மூன்றாம் நாள் இறைச்சி சூப் மிச்சமாகிவிட்டது. கேண்டீனில் மிச்சத்தை வைக்கிற வழக்கமே இல்லை. மலைக் குளிரில் கெடாது என்று மூடி, அடுப்பு மேடையிலேயே வைத்தார். விறகடுப்பின் கனல் பொழுது விடியும்வரை அந்தப் பாத்திரத்துக்கு இதமாகச் சூடு கொடுக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மறுநாள் மதியம் காய்கறி சேர்த்துக் கொதிக்கவிட்டு, ஒரு கரண்டி எடுத்துப் புருஷனிடம் நீட்டினார்.

அவர் குடித்தார். கொஞ்ச நேரம் கரண்டியையே பார்த்தார்.

"நல்லா இருக்கு."

மேஜையில் எல்லோரும் குடித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. புருஷன் மட்டும் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார்.

சாயங்காலத்துக்குள் பாதி முகாம் படுத்துவிட்டது. கூடாரங்களுக்குப் பின்னால் வாந்திச் சத்தம். தம்பியின் சின்ன மகள்தான் ரொம்ப மோசம். தலை நிற்காமல் தொங்கியது. ஜீப்பில் போட்டுக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அக்கா அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால் என்ற நினைப்பை முடிக்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

காலையில் தம்பி திரும்பி வந்தான். குழந்தை பிழைத்துக்கொண்டாள், குளுக்கோஸ் ஏறுகிறது.

"புளிச்சுதுக்கா. நீ எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கேன்னு நெனச்சேன். சட்டத்த போட்டதே நான்... நானே எப்படி வாய் திறக்கறது?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நேரே மேஜைக்குப் போய் நின்றார். அலுவலக மேனேஜர் குடும்பத்தோடு அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அக்கா அவரைப் பார்த்தேதான் சொன்னார்.

"எனக்கு மூக்கு செத்துப்போச்சு. ருசியும் தெரியாது. நாலு மாசமா மறைச்சுட்டேன். மன்னிச்சுடுங்க."

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். கேண்டீன் வேலை அதோடு முடிந்தது என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

கூடாரத்தில் புருஷன் வெளுத்துப்போய்ச் சாய்ந்திருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குத் தெரியும்தானே?"

"வாயில வச்சதும் தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"உன் மூஞ்சியப் பார்த்தேன். சொல்ல வாய் வரல."

"குழந்தை செத்திருக்கும்."

அவர் அழுதார். கல்யாணமானதிலிருந்து அவர் அழுது அக்கா பார்த்ததில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இத்தனை வருஷமும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னீங்களே. அதெல்லாம்?"

"அதெல்லாம் நெஜமாவே நல்லா இருந்துச்சு."

அதையும் அவர், சாப்பிடும்போது எப்போதும் சொல்கிற அதே குரலில்தான் சொன்னார். அக்கா அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டுபிடிக்க முடியவில்லை.