எச்சரிக்கை போய்ச் சேர்ந்த பிறகு

தோஹாவில் நாலு தூறல் விழுந்தாலே கைபேசி அலறுகிறது. நேற்றும் அப்படித்தான். நான் ஓட்டும் பல்கலைக்கழக வேனில் இருந்த ஆய்வாளர் மேடம் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். கரையோர மக்களுக்கு ஆபத்துச் செய்தி எப்படிப் போய்ச் சேருகிறது, அவர்கள் மனம் என்ன பாடு படுகிறது என்பதுதான் அவருடைய ஆய்வு. "உங்கள் ஊருக்கும் இன்று புயல் என்கிறார்களே, எச்சரிக்கை சேர்ந்ததா?" என்று கேட்டார். சேர்ந்தது என்றேன். "அப்படியானால் நல்லது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்லதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஊரிலேயே நாலு பேருக்கு முன்னால் கதைக்கத் தெரியாது, இங்கே அரைகுறை அரபியில் என்னத்தைச் சொல்வது?

எங்கள் ஊரான சாய்ந்தமருதில், கடலுக்குக் கிட்டிய வீட்டு வளவில், என் தங்கச்சி தனியே இருக்கிறாள். மச்சான் மௌத்தாகி இரண்டு மாதம்தான். கணவனை இழந்தவள் குறித்த காலம்வரை அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பதை நாங்கள் இத்தா என்போம். மேடம் இறங்கியதும் அவளுக்குப் போன் எடுத்தேன். அண்ணனான என்னை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல சொன்னாங்க காக்கா, போனுக்கும் வந்திச்சி. ஸ்கூல் மண்டபத்துக்குப் போகட்டாம். அங்க ஊருப்பட்ட ஆம்புளயள். நான் எங்க போய்க் குந்துற?"

"உசிருக்குப் பயமெண்டா இத்தாவுலயும் வெளியாகலாம் புள்ள."

"அது எனக்கும் தெரியும். கத்தாருக்குப் போய் மௌலவியாகிட்டீங்களோ?"

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாருக்கு எடுத்தேன். பெண்களுக்கு ஒரு வகுப்பறையைப் புறம்பாக ஒதுக்கி, அதையும் ஸ்பீக்கரில் சொல்லலாமே என்றேன். "வந்த அறிவித்தலத்தான் தம்பி வாசிக்கேலும். மத்ததை கிராம சேவகரிட்டக் கேளுங்க" என்றார். கிராம சேவகரின் இலக்கம் கிடைக்கவேயில்லை.

சுனாமி அன்று ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதே வளவில் உம்மாவைப் பறிகொடுத்தோம். இப்போது சொல்வதற்குக் குறைவில்லை. ஓடு என்கிறார்கள். ஓடிப் போகிறவள் அங்கே எப்படி இருப்பாள் என்று மட்டும் ஒருவரும் யோசிப்பதில்லை.

திரும்ப எடுத்தபோது, வளவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்றாள்.

"வெளிக்கிடு" என்றேன்.

"அப்ப நீங்க கதைச்சிட்டே வாங்க காக்கா. ஆண்துணையெண்டு இரிக்கட்டும்."

போனைக் காதில் வைத்தபடி நடந்தாள். காற்றும், தண்ணீரை அலம்பும் அவள் கால்களும் கேட்டன. பிறகு மண்டபத்தில் ஆண்களின் பேச்சுச் சத்தம். அவள் கால்களின் சத்தம் நின்றுவிட்டது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போனைப் போடச் சொன்னேன்.

"இத்தாவுல இரிக்கிற பொம்புள வருது. விலகுங்க. அந்த மூலைய விட்டுக் குடுங்க."

அவ்வளவு உரத்து நான் எங்குமே கதைத்ததில்லை. வேனுக்கு வெளியே நின்ற இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே வாங்குப் பலகைகளை இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சாய்ந்தமருதுப் பாடசாலை மண்டபத்தின் வாசலில், தங்கச்சிக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.