கலியமூர்த்தி வீட்டுக்கும் ஆற்றுக்கும் எத்தனை அடி

கரைக்காவல் வேலையில் ஆற்றை யாரும் தடுப்பதில்லை; ராத்திரி எவ்வளவு மண் சரிந்தது என்று விடிந்ததும் அளந்து நோட்டில் எழுதுவதோடு சரி. ராத்திரி வேலைக்குப் போய்விட்டு, பகலில் தூக்கம் வராமல், கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டு புரளும் என் இனத்தாருக்கு இந்த அவஸ்தை புரியும்.

முப்பது அடி

சுனாமிக்குப் பிறகு இரண்டு மழைக்காலம், சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடக் கரையில் பதினோரு வீடுள்ள ஒரு தெருவுக்கு நான் காவல். கரை பாளம் பாளமாகச் சரிந்துகொண்டிருந்தது. வீட்டின் பின்சுவருக்கும் கரை விளிம்புக்கும் இடையே முப்பது அடிக்குக் கீழே வந்துவிட்டால், அந்த வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு அரசாங்கம் கீரப்பாளையம் பக்கம் புதுக் காலனியில் ஒரு வீடு தரும்.

கலியமூர்த்தி முறைக்கு எனக்கு மச்சான். வீட்டு முன்பக்கத்தில் மாவு மில் வைத்திருந்தார். அவர் மனைவி தனபாக்கியம் எனக்குத் தங்கச்சி முறை. மண் விழும் சத்தம் கேட்டால் இரண்டு பிள்ளைகளையும் எழுப்பித் தெருவில் உட்காரவைத்துவிடுவாள். அவளுக்குப் போய்விட வேண்டும். மச்சானுக்கோ ஒரே கேள்விதான்: "வூடு தருவான், செரி. மில்லுக்கு த்ரீ பேஸ் கரன்ட்டு தருவானா?"

காணாமல் போன கக்கூஸ்

ஒரு காலை அவர்கள் வீட்டை அளந்தேன். பின்பக்கக் கக்கூஸ் சுவரிலிருந்து இருபத்தெட்டு அடி. தனபாக்கியம் அப்போதே பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் போனால் கக்கூஸைக் காணோம். மச்சான் கடப்பாரையோடு நின்று செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் வீட்டுச் சுவரிலிருந்து அளவுக் கழியைப் போட்டேன். முப்பத்து நாலு. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எழுதிக்க மச்சான், ஒரே ராத்திரியில ஆறடி பத்திரமாயிடுச்சு."

அடுப்பு போன இடம்

தனபாக்கியம் சண்டை போடவில்லை. கக்கூஸ் இருந்த இடத்தையும் தாண்டி நாலு சவுக்குக் கழி நட்டு, மேலே கீற்று போட்டு, அடுப்பை அங்கே கொண்டுபோய் உலை வைத்துவிட்டாள். "சமையக்கட்டு வூட்ல சேராதாண்ணே?" என்று கேட்டாள். அளந்தேன். இருபத்தாறு.

அந்த வாரம் வருவாய் ஆய்வாளர் வந்தார். நோட்டில் இருபத்தெட்டு, முப்பத்து நாலு, இருபத்தாறு என்று வரிசையாகப் படித்தார். ராத்திரியில் தூங்குகிறாயா என்று என்னைக் கேட்டார். சத்தியமாக இல்லை என்றேன். அடுப்பு எரிகிற இடம் வீடுதான், ஆனால் பட்டா கலியமூர்த்தி பேரில் இருப்பதால் அவர் மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் காலனி வீடு கிடையாது என்று முடித்தார். போகும்போது திரும்பி நின்றார்: "தூங்காம பாத்தவன் நீதானே, சொல்லு. ஆறு நகருதா, வூடு நகருதா?"

கால் கிலோ கோதுமை

மற்ற பத்துக் குடும்பமும் டிராக்டரில் சாமானேற்றிப் போய்விட்டது. மச்சான் மட்டும் தினமும் மில்லைத் திறந்து, பெல்ட்டைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்ததென்று கால் கிலோ கோதுமை கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏக்கத்தில் அதை இரண்டு தடவை அரைத்தார். அதற்குள் கரை இன்னும் பத்தடி போயிருந்தது. தனபாக்கியம் அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். அவர் அசையவில்லை.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது அவள் காலனிக்குப் போய்விட்டு வந்தாள். துணி மடித்தபடி, என்னிடம் சொல்வதுபோல அவருக்குச் சொன்னாள்: காலனியில் மாவு மில் போட ஒரு ஆள் கரன்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். ஆய்வாளர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு மை காய்வதற்குள், "எவன் அவன், என் கஸ்டமருக்கு மில்லு போடறவன்?" என்று கேட்டார்.

தனபாக்கியம் பையிலிருந்து கரன்ட்டு மனு ரசீதை எடுத்து நீட்டினாள். "ஒங்க பேர்லதான் எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

பதினோரு குடும்பமும் பத்திரமாகக் குடியேறிவிட்டதால், கரையில் காப்பதற்கு ஆளில்லை என்று என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.